ஒரு சொல் வைத்திருந்தவள்

“நல்லாருக்கு” என்று சொன்ன பிறகுதான் செண்பகவல்லிக்கு உறைத்தது, இதற்கு முந்திய சேலைக்கும் இதையேதான் சொன்னோம் என்று. அதற்கு முந்தியதற்கும். கண்ணாடிக்கு முன்னால் தோளில் சேலையைச் சார்த்திக்கொண்டு நின்ற மகள் இந்துமதி திரும்பக்கூட இல்லை. கண்ணாடிக்குள் இருந்தபடியே அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். பார்த்துவிட்டுச் சேலையை உருவி, வெள்ளை விரிப்பின் மேல் ஏற்கெனவே கிடந்த குவியலில் போட்டாள். அங்கே கிடப்பவை முப்பதுக்குக் குறையாது. இவளுக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை, என்ன பெண்ணோ, என்று செண்பகவல்லி நினைத்தாள். நினைத்த கையோடு, பிடிக்கவில்லை என்று அவள் எங்கே சொன்னாள், ஒவ்வொன்றையும் போட்டுக்கொண்டு எப்படிம்மா இருக்கு என்றுதானே கேட்கிறாள், என்றும் நினைத்தாள். கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று. நல்லாருக்கு என்றால் நல்லாருக்கு, அதற்கு மேல் என்ன இருக்கிறது? ஏ.சி. காற்று பிடரியிலேயே பட்டுக்கொண்டிருந்தது. கடைப் பெண் கொண்டுவந்து வைத்த ரோஸ்மில்க் கிளாசின் வெளிப்பக்கம் வேர்த்து, மர முக்காலியில் வட்டமாக ஈரம் கட்டியிருந்தது. குடித்தால் சளி பிடிக்கும், குடிக்காவிட்டால் மரியாதையாக இருக்காது. கோவில்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துத் திருநெல்வேலி வந்து இறங்கியதே இந்த ஒரு சேலைக்காகத்தான், சளிக்கும் மரியாதைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ள அல்ல. ஒரு மடக்குக் குடித்துவிட்டு வைத்தாள்.

இந்த ஒரு சேலையை வேறு யாராவது எடுத்துக் கொடுக்கலாம் என்றால் நிம்மதியாக இருந்திருக்கும். தாலி கட்டுகிற நேரத்துப் பட்டு மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு, அவர்கள் என்ன எடுத்தாலும் அவர்கள் பாடு. ஆனால் மண்டபத்துக்குள் பெண் முதல்முதலாகக் காலெடுத்து வைக்கும்போது உடுத்திக்கொண்டு வருவது அம்மா வீட்டுச் சேலை. அதைப் பெற்றவள்தான் பார்த்து, இதுதான் என்று சொல்லி, குவியலிலிருந்து தன் கையாலேயே எடுத்துப் பெண்ணிடம் கொடுக்க வேண்டும். இவர்கள் குடும்பத்தில் அது மாறியதே இல்லை. பணம் யாருடையதாகவும் இருக்கலாம், கை மட்டும் பெற்றவளுடையதாக இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள்தான் இருக்கிறது. ஜாக்கெட் தைக்கிறவள் பத்து நாளாவது வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். இன்றைக்குப் புதன்கிழமை, பன்னிரண்டுக்கு இராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் எடுத்துப் பில் போட்டாக வேண்டும். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தே முக்கால் ஆகியிருந்தது. நேரம் இருக்கிறது. வார்த்தைதான் இல்லை. அவளுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, விரிப்பில் தடவிக் கிடைத்த சேலையின் முந்தியை விரல்களால் நெருடிக்கொண்டிருந்தார் கணவர் கோமதிநாயகம். “ஜரிகை சுத்தமா இருக்கு. ஏ செண்பகம், இது என்ன நெறம்?” என்றார். “ரோஸ்” என்றாள். “ரோஸ்ல எந்த ரோஸு?” என்று கேட்டுவிட்டு, பதில் வராது என்று தெரிந்தவராகத் தானே சிரித்துக்கொண்டார்.

சிரிக்கத்தான் செய்வார். முப்பத்தோரு வருஷம் ஜவுளிக்கடையில் நின்று சேலையை விற்ற வாய் அது. மற்றவர்கள் துணியை விற்றார்கள், இவர் சொல்லை விற்றார் என்று முதலாளியே சொல்வாராம். வெறும் பச்சைன்னு சொல்லிராதீக அக்கா, இது முத்தின பச்சை, அது எளம்பச்சை; இத உடுத்துனா மாமியா, அத உடுத்துனா மருமக, நீங்க எப்படி இருக்கணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க, என்று அளந்துவிட்டால் வந்தவர்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போவார்கள். வெங்காயச் சருகு, மயில்கழுத்து, கத்திரிப்பூ, அரக்கு என்று வீட்டுக்கு வந்தும் அதே பேச்சு. சாம்பாரைப் பார்த்து நல்ல தேன் நிறம் என்பார், வியாபாரத்தை இங்கே வைத்துக்கொள்ளாதீங்க என்பாள் இவள். பிழைப்புக்குப் பேச வேண்டியவர் பேசுகிறார், அடுப்படியில் நிற்கிறவளுக்கு எதற்கு அவ்வளவு சொல்? எட்டாம் வகுப்பில் மழைக்காலம் என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். மழை வந்தது, நனைந்தேன், துணி காய்ந்தது என்று எழுதிக் கொடுத்தாள். டீச்சர் சிவப்பு மையில் ‘எப்படிப்பட்ட மழை?’ என்று கேட்டிருந்தாள். எப்படிப்பட்ட மழை என்றால் என்ன அர்த்தம்? நனைக்கிற மழைதான். அந்தக் கேள்வியை வீட்டில் யாரிடமும் காட்டவில்லை. கல்யாணமாகி இந்து பிறந்த புதிதில் அவர் சேலை கொள்முதலுக்குக் காஞ்சிபுரம் போன இடத்திலிருந்து நான்கு பக்கம் எழுதுவார், தறிச் சத்தம் கேட்கிற தெரு எப்படி, ஓட்டல் இட்லி எப்படி, இவள் இல்லாத ராத்திரி எப்படி என்று. இவள் பதில் எழுதுவாள்: நலம், இந்து நலம், தண்ணீர் மூன்று நாளாக வரவில்லை, இன்று வந்தது. தந்தி கொடுக்கிறவள்கூட இதைவிடத் தாராளமாக எழுதுவாள் என்று இன்றுவரை கேலி செய்கிறார். அந்தக் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

“அக்கா, இதப் பாருங்க, பேஸ்டல் பீச்சு” என்று விற்பனைக்காரர் ஐயம்பெருமாள் அடுத்ததை உதறி விரித்தார். நாற்பது வயதுக்காரர், காலையிலிருந்து விரித்து விரித்து முழங்கை சோர்ந்திருந்தாலும் முகம் சோரவில்லை. “அது என்ன தம்பி பீச்சு?” என்றார் கோமதிநாயகம். “இப்ப இதுதான் அண்ணாச்சி ஓடுது. மங்கலா, சத்தமில்லாம இருக்கும். தங்கச்சி கொஞ்சம் மாநிறம் பாருங்க, ஓவர் பிரைட்டா எடுத்தா சேல மட்டும் தனியாத் தெரியும். லைட் ஷேடுன்னா அடக்கமா இருக்கும்.” நல்ல மனிதர்தான். ஒரு குறையும் வைக்காமல், ஒருவரையும் புண்படுத்தாமல் சொன்னதாகத்தான் அவர் நினைத்திருப்பார். இந்துமதி கையை நீட்டி அந்த மங்கலை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். எப்படிம்மா இருக்கு. செண்பகவல்லி பார்த்தாள். சேலையின் கரையைப் பார்த்தாள், கரை தரையைத் தொடுகிற இடத்தைப் பார்த்தாள், அதற்கு மேல் பார்வை ஏற மாட்டேன் என்றது. சேலையைப் பார்க்க வேண்டுமானால் சேலைக்கு மேலே இருக்கிற முகத்தையும் பார்த்தாக வேண்டும், அங்கே போனால் ஏதோ வழுக்குகிறது, பார்வை சறுக்கிக்கொண்டு வந்து மறுபடியும் கரையிலேயே நிற்கிறது. “நல்லாருக்கு” என்றாள். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வார்த்தையே வராது என்றால்கூடப் பரவாயில்லை, வருகிறதே, அதுதான் வேடிக்கை. நான்கு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை அவருடைய கண்ணைக் கொண்டுபோனது. முதல் மாதம் ஜன்னலோரம் உட்கார்ந்தே இருந்தார், கூப்பிட்டால்தான் சாப்பிட்டார். ஒருநாள் மத்தியானம், வெளியில என்ன சத்தம் என்றார். காக்கா என்றாள். எப்படிப்பட்ட காக்கா என்றார். எட்டாம் வகுப்பு டீச்சர் மறுபடி வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, காக்கா மாதிரி காக்கா என்றாள். அந்த மாதத்தில் அவர் முதல்முறையாகச் சிரித்தது அதற்குத்தான். அன்றைக்கே நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், அன்று கண்ணில் பட்ட ஒன்றைப் பற்றி எழுத ஆரம்பித்தாள், சாயங்காலம் அவருக்குப் படித்துக் காட்ட. தக்காளி, சிவப்பு. அவ்வளவுதான் முதல் நாள். சிவப்புல எத்தன சிவப்பு இருக்கு தெரியுமா என்று அவர் பெருமூச்சுவிட்டார். மறுநாள் அந்தத் தக்காளியை எடுத்து வைத்துக்கொண்டு கால்மணி நேரம் உட்கார்ந்தாள், சிவப்பை அடித்தாள், நல்ல சிவப்பு என்று எழுதி அதையும் அடித்தாள், கடைசியில், காம்புப் பக்கம் பச்சை மிச்சமிருக்கிற, விரல் பட்டால் குழைகிற, கனிந்த சிவப்பு என்று எழுதினாள். அவர் கேட்டுவிட்டுத் தக்காளியைக் கைநீட்டி வாங்கித் தடவிப் பார்த்தார். அப்புறம், ரசம் வச்சிரு, என்றார். அப்படித்தான் பிடிபட்டது. ஒரு சொல் வேண்டுமானால் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். இன்னொரு தடவை பார்த்தால் அது முதலில் பார்த்த பொருளாகவே இருப்பதில்லை. கறுப்பு என்று எழுதிய காக்காவைத் திரும்பப் பார்த்தால் அதன் கழுத்து சாம்பல், சிறகு எண்ணெய்க் கறுப்பு. துரு ஏறிய கேட்டு, கரகரத்த பால்காரர் குரல், வெயிலில் வெளுத்த கட்சிக்கொடி, புளித்த தோசைமாவின் பொங்குகிற வெள்ளை, காய்ந்து மொறுமொறுத்த துண்டு. ஐம்பது வயதுக்கு மேல் இப்படி ஒரு பைத்தியம் பிடித்ததில் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, சொன்னால் சிரிப்பார்கள். அட்டைப்பெட்டியில் ஆயிரத்துக்கு மேல் தாள் சேர்ந்துவிட்டது. ரோஸ்மில்க்கை இன்னொரு மடக்குக் குடித்தாள். தித்திப்பான, திகட்டுகிற, பல்லில் ஒட்டுகிற குளிர்ச்சி என்று தானாகவே மனசில் ஓடியது. பார், வருகிறதே. ரோஸ்மில்க்குக்கு மூன்று சொல். பெற்ற மகளுக்கு ஒன்று.

அந்த எண்ணம் வந்த இடத்தில் நின்றுகொண்டது, நகரவில்லை. ஆயிரம் தாளில் இந்துவைப் பற்றி எதில் எழுதியிருக்கிறோம் என்று தேடிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக் குழந்தை உண்டு, அதன் சுருண்ட தலைமுடி உண்டு, தையற்காரி உண்டு, பூக்காரியின் வெடித்த குதிகால் உண்டு. இந்து எதிலாவது வந்திருப்பாள். காலையில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு ஓடுகிறவள், ராத்திரி வந்து இவள் தோளில் சாய்ந்து டி.வி. பார்க்கிறவள், ஒரு தாளிலாவது வராமலா இருப்பாள்? வரவில்லை. ஒன்றிலும் இல்லை. மறந்துபோய் விடவில்லை, அது அவளுக்கு நன்றாகத் தெரியும். எழுதப்போன கையை வேறு ஏதோ பிடித்துக்கொண்டது. என்ன என்று தெரியாததுபோல் இத்தனை நாள் இருந்துவிட்டாள். “இதும் வேண்டாமா தங்கச்சி? சரி, கிரேல ஒண்ணு வந்திருக்கு, பாப்பம்” என்று ஐயம்பெருமாள் அலமாரிப் பக்கம் போனார். பதினொன்று பத்து.

இந்துவுக்கு அப்போது ஒரு வயது முடிந்து நான்கு நாள். தெருப் பெண்கள் ஐந்தாறு பேர் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் இந்து கையைத் தட்டித் தட்டி ஆடிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு செண்பகவல்லி வாயைத் திறந்தாள். ஆமாம், அவளுக்கும் ஒரு காலத்தில் வார்த்தை வந்திருக்கிறது. எம் பிள்ளையப் பாருங்க, எப்படி மினுமினுன்னு, கொழுகொழுன்னு, இந்தத் தெருவுலயே இப்படி ஒரு பிள்ள உண்டா என்று எல்லார் எதிரிலும் சொன்னாள். சொல்லும்போது எவ்வளவு இனிப்பாக இருந்தது. அன்று ராத்திரி பிள்ளைக்கு அனலாகக் காய்ந்து, ஜன்னி கண்டு, கண் செருகிவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள். மாமியார் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னாள்: “ஊரான் கண்ணு பட்டாக்கூட ரெண்டு உப்பு மொளகா சுத்திப் போட்டுக் கழிச்சிரலாம். நீ பெத்தவ, ஒன் கண்ணக் கழிக்க நான் எங்க போவேன்?” டாக்டர் ஏதோ காய்ச்சலின் பெயரைச் சொன்னார், ஊசி போட்டார், பிள்ளை பிழைத்தது. ஆனால் செண்பகவல்லி காதில் டாக்டர் சொன்னது ஏறவே இல்லை. தன் பெயரைக் கொண்ட அம்மனிடம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சொல்லிக்கொண்டாள்: இதக் காப்பாத்திக் குடு தாயே, இனி இதப் பத்தி ஒரு நல்ல வார்த்த என் வாயில வராது. அம்மன் கேட்டதைக் கொடுத்துவிட்டாள். இவளும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள், இருபத்தைந்து வருஷமாக. பரீட்சையில் முதலாவதாக வந்தபோது, சரி, கைகால் கழுவிட்டு வா என்றாள். முதல் சம்பளத்தில் சேலை எடுத்து வந்தபோது, எதுக்கு வீண் செலவு என்றாள். கண் பட்டுவிடக் கூடாது, தன் கண் பட்டுவிடக் கூடாது. பார்க்காமல் பார்க்கப் பழகிக்கொண்டாள். பார்வை கரைக்கு மேல் ஏறாதது இன்று நேற்றுப் பழக்கமா?

பழக்கம் என்று சொன்னால் நல்லதாகத்தான் இருக்கிறது, பிள்ளையைக் காப்பாற்றுகிற காரியம்தானே. ஆனால் பதினான்கு வயதில் இந்து பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, அம்மா நான் கறுப்பாம்மா என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். செண்பகவல்லி அரிசி களைந்துகொண்டிருந்தாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம், அது பொய். ஆமாம், எப்பேர்ப்பட்ட கறுப்பு தெரியுமா என்று சொல்லியிருக்கலாம், அதற்கு வாய்க்கட்டு. கறுப்பா இருந்தா என்ன, போய்ப் படி, என்றாள். பிள்ளை போய்ப் படித்தது. அப்புறம் பெண் பார்க்க வந்த மூன்று வீட்டார், ஒருவர் மாற்றி ஒருவராக, நிறம் கொஞ்சம் கம்மி என்று சொல்லி அனுப்பினார்கள். அப்போதெல்லாம் அவர்களுக்குக் காபி ஆற்றிக் கொடுத்தது இவள் கை. அந்தக் கை டம்ளரை வாங்கிக் கழுவி வைத்ததே தவிர, வாய் ஒன்றும் சொல்லவில்லை. நான்காவதாக வந்த பையன் யாரையும் கேட்காமல் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டான், அதனால்தான் இந்தக் கல்யாணமே. யாரோ பெற்ற பையன் ஒரு பத்து நிமிஷத்தில் சொன்னதை நான் இருபத்தைந்து வருஷத்தில் சொல்லவில்லை, என்று நினைத்தாள்.

“ஏ செண்பகம்” என்று கோமதிநாயகம் குரலைத் தாழ்த்தினார். “சேலைய விடு. அது எதானாலும் இருந்துட்டுப் போகட்டும். நான் இவளக் கடைசியாப் பாத்தப்ப இருபத்திரண்டு வயசு. அந்தப் பிள்ளதான் என் கண்ணுக்குள்ள நிக்கா. இப்ப எப்படி இருக்கா? மண்டபத்துல ஆளாளுக்கு என்கிட்ட வந்து பொண்ணு லட்சணமா இருக்கான்னு சொல்லுவாக, நானும் தலைய ஆட்டுவேன். எவன் எவனோ பாத்தத எனக்குச் சொல்ல வேண்டாம். நீ சொல்லு.” தாழ்த்திச் சொல்வதாக அவர் நினைத்தார், கடைக்காரக் குரல், கண்ணாடி வரைக்கும் கேட்டுவிட்டது. இந்துமதி அங்கிருந்தே சிரித்தாள். “அப்பா, அம்மாட்ட அதெல்லாம் கேக்காதீங்க. காக்காவப் பத்திக் கேளுங்க, தக்காளியப் பத்திக் கேளுங்க, அழகாச் சொல்லுவாங்க. நான் பக்கத்து ரூம்ல இருந்து தினமும் கேக்கேன். என்னப் பத்திச் சொல்ல என்ன இருக்கு?” கோபமே இல்லாமல் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் செண்பகவல்லியும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பாள். ஐயம்பெருமாள் கொண்டுவந்த சாம்பல் நிறச் சேலையைப் பெண் வாங்கிக்கொண்டாள், கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை. “இதையே எடுத்துக்கிடுவோம் அண்ணே. எனக்கு இது போதும்.”

போதும். செண்பகவல்லிக்கு அந்தச் சொல் நெஞ்சில் போய் விழுந்தது. தினமும் கேட்டிருக்கிறாள். பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு ஆயிரம் நாள் கேட்டிருக்கிறாள், இன்றைக்காவது நம் பெயர் வருகிறதா என்று. துருப்பிடித்த கேட்டு வந்தது, பூக்காரி குதிகால் வந்தது, இவள் வரவில்லை. காலையிலிருந்து முப்பது தடவை எப்படிம்மா இருக்கு என்று கேட்டவள் எந்தச் சேலையைக் கேட்டாள்? சேலையையே கேட்கவில்லை. தாயே, என்று அம்மனைக் கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டுப் பயந்தாள், கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கிறது, இப்போது வாயைத் திறந்து ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? காய்ச்சல், பஸ், மாப்பிள்ளை வீட்டார் மனசு, எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம், பயத்துக்கா பஞ்சம்? ஆனால் நான் அன்றைக்குக் கேட்டது பிள்ளையின் உயிரைத்தானே. நீ கொடுத்தாய். கொடுத்ததை ஒரு நாளும் பிரித்துப் பார்க்காமல், இது எப்பேர்ப்பட்டது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் மூடியே வைத்திருந்தால் கொடுத்தவளுக்கு அதில் என்ன மரியாதை? இன்னும் பதினெட்டு நாளில் இவள் போய்விடுவாள், ஓசூரில், மாப்பிள்ளை வீட்டில், எந்தக் கண்ணாடியைப் பார்த்தாலும் இது போதும் என்றுதான் நிற்பாள். குற்றம் இருந்தால் என் தலையில் போடு, நான் சுமந்துகொள்கிறேன், என்று சொல்லிவிட்டு எழுந்தாள். முதலில் வந்த பத்துச் சேலையோடு ஓரமாகத் தள்ளிவிடப்பட்டு ஒரு அரக்குப் பட்டுக் கிடந்தது, கெட்டியான, ஆழமான, கொஞ்சமும் கூச்சமில்லாத அரக்கு. அதைக் குனிந்து எடுத்தாள். “அக்கா, அது ரொம்ப டார்க்கு, தங்கச்சிக்கு...” என்று ஐயம்பெருமாள் ஆரம்பித்தார். “நீங்க சும்மா இருங்க தம்பி” என்றாள். காலையிலிருந்து அவள் பேசியதில் அதுதான் பெரிய வாக்கியம்.

சாம்பலை எடுத்துப் போட்டுவிட்டு அரக்கை மகளின் தோளில் தானே சார்த்தினாள், கொசுவத்தைக் கையாலேயே பிடித்துவிட்டாள், இரண்டடி பின்னால் தள்ளி நின்றாள். கரையைப் பார்த்தாள். பிறகு மேலே பார்த்தாள். வழுக்கியது, விடவில்லை, இன்னொரு தடவை பார்த்தாள். “கேட்டுக்கிடுங்க” என்றாள் கணவரிடம். “உங்க மக கறுப்பு. வெறும் கறுப்புன்னு நெனச்சுராதீங்க. சிவப்பு உள்ள ஓடுத, சூடான கறுப்பு. இந்த அரக்கு பட்டதும் அந்தச் சிவப்பு கன்னத்துக்கு ஏறி வந்து நிக்கு, நான் இப்பதான் பாக்கேன். நீண்ட கழுத்து. நிமிந்த கழுத்து, யார்ட்டயும் குனியாத கழுத்து. நாமதான் குனிய வச்சிருக்கோம். அடர்த்தியான புருவம், ரெண்டும் நடுவுல சேரப் பாக்கும், சேராது. மூக்கு உங்க மூக்குதான், அகண்ட மூக்கு. அது உங்களுக்குப் பொருந்தல, இவளுக்குப் பொருந்துது.” கோமதிநாயகத்தின் வாய் சிரிப்பில் கோணிக்கொண்டு வந்தது, சிரிப்பாக முடியவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். “சொல்லு” என்றார். “பெரிய கண்ணு. பளிச்சுன்னு, நேராப் பாக்குத கண்ணு. இப்ப ஈரமாயிட்டு. நெத்தி சின்ன நெத்தி, அதுல பிடிவாதம் தெரியுது. உதடு தடிச்ச உதடு, அழுகைய அடக்கும்போது கீழ் உதடு மட்டும் இப்படி மடங்கும், இப்ப மடங்கியிருக்கு. தோளு ரெண்டும் அகலமான, வேல செஞ்சு உரமான தோளு. பட்டு அதுல நழுவாம உக்காந்திருக்கு. ஏங்க, நான் ஊர்ல எத்தனையோ பொண்ணப் பாத்திருக்கேன், மண்டபத்துல பாத்திருக்கேன், உங்க கடைப் பொம்மையப் பாத்திருக்கேன். எம் மக அழகு. அழகுன்னா, எப்படிச் சொல்ல, அமைதியான அழகு இல்ல, துணிச்சலான அழகு. அந்தப் பிள்ள ஒரு வயசுல எப்படி இருந்தாளோ அதவிடவும்...” அந்த இடத்தில் நிறுத்திவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். வெளியே ஒன்றும் இடிந்து விழவில்லை. ஏ.சி. அதேபோல் ஓடிக்கொண்டிருந்தது, கீழ்த்தளத்தில் யாரோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், கண்ணாடியில் மகள் நின்றுகொண்டிருந்தாள். இவ்வளவு லேசாக இருக்கும் என்று செண்பகவல்லிக்குத் தெரிந்திருந்தால் முன்னமே சொல்லியிருப்பாள்.

ஐயம்பெருமாள் கையில் பில் புத்தகத்தோடு தயங்கினார். சுவரைப் பார்த்தார், மறுபடி இவர்களைப் பார்த்தார். “அக்கா, பன்னெண்டு அடிக்க இன்னும் ரெண்டு நிமிசந்தான் இருக்கு. இதையே போட்டுரட்டுமா?” இந்துமதி கண்ணாடியை விட்டுத் திரும்பவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. பட்டின் முந்தியை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்குள் தெரிந்த அம்மாவையே பார்த்தபடி சொன்னாள்: “இருங்கண்ணே. எங்கம்மா இன்னும் சொல்லி முடிக்கல.”